கைப்பதிவில் ஒளிந்திருக்கும் விஞ்ஞானம்

கோகுலாஷ்டமியன்று நம் ஊர்களில் பல வீடுகளில், வாசற்படியிலிருந்து பூஜையறை வரை சின்னஞ்சிறு பாதங்கள் வெள்ளை வெளேரென்று நடந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணன் வீட்டுக்குள் வந்த அடையாளம் என்று பாட்டிமார் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அந்தப் பாதங்களைப் பதித்தது மூடிய கையின் ஓரம்! அரிசிமாவைக் கரைத்து, முஷ்டியின் சுண்டுவிரல் பக்கத்தை அதில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் பாதம் தோன்றுகிறது. அதன்மேல் விரல்நுனியால் ஐந்து பொட்டு வைத்துவிட்டால் கால்விரல்களும் வந்துவிடுகின்றன.

பொங்கலோ, ரம்ஜானோ, கிறிஸ்துமஸோ, விடுமுறை வந்தால் வீட்டிலுள்ள குழந்தைகளுக்குக் கை சும்மா இராது. அந்தக் கையையே அச்சாக வைத்துக்கொண்டு செய்யக்கூடிய மூன்று எளிய வேலைகளை இங்கே காண்போம். தேவையான பொருள்கள் பெரும்பாலும் அடுக்களையிலேயே கிடைக்கும். ஒவ்வொரு வேலையிலும் ஒரு விஞ்ஞானக் கேள்வி ஒளிந்திருக்கிறது. எந்த வண்ணத்தைக் குழந்தையின் கையில் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்ற கேள்வி அவற்றுள் மிக முக்கியமானது.

கை எப்படிப் பாதமாகிறது?

உங்கள் இடக்கையை முஷ்டியாக மூடுங்கள். கட்டைவிரல் மேலே இருக்கட்டும். சுண்டுவிரல் பக்கம் தரையில் படட்டும். இப்போது தரையைத் தொடுபவை இரண்டே பகுதிகள். மணிக்கட்டை அடுத்துள்ள தசைத் திரட்சி ஒன்று. மடங்கிய சுண்டுவிரல் மற்றொன்று. முன்னது குதிகாலாகவும் பின்னது பாதத்தின் முன்பகுதியாகவும் பதிகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ளங்கைப் பக்கமாக ஒரு சிறு குழிவு தரையில் படாமல் நின்றுவிடும். நம் பாதத்தின் உட்புறத்தில் இருக்கும் வளைவும் தரையில் படுவதில்லை அல்லவா? அதனால்தான் இந்தப் பதிவு பாதத்தை அப்படியே ஒத்திருக்கிறது.

இடது முஷ்டி எந்தப் பாதத்தைத் தரும்? கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறிவிடும் என்று பலர் நினைப்பதுண்டு. செய்து பாருங்கள். இடது முஷ்டியில் குழிவு வலப்பக்கம் விழும். இடது பாதத்திலும் வளைவு வலப்பக்கமே இருக்கிறது. ஆகவே இடக்கை இடது பாதத்தையும், வலக்கை வலது பாதத்தையும் தரும். பெருவிரலைக் குழிவு இருக்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். இதை மாற்றி வைத்தால் கண்ணன் கால் மாற்றி நடந்தவன் ஆகிவிடுவான்!

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைஸாக அரைத்துக்கொள்ளுங்கள். மாவு தோசைமாவைவிடச் சற்று நீர்த்து இருக்கட்டும். மிகவும் நீர்த்துவிட்டால் பதிவின் ஓரம் வழியும். கெட்டியாக இருந்தால் திட்டுத் திட்டாக ஒட்டும். கையை நேரே கிண்ணத்தில் விடாமல், ஒரு தட்டில் மடித்த துணியை வைத்து, அதன்மேல் மாவை ஊற்றி, அதில் ஒற்றி எடுங்கள். தபால் நிலையத்தில் முத்திரையை மைப்பஞ்சில் ஒற்றுவது போலத்தான். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மாவு கையில் ஏறும்.

இன்னொரு யோசனை. பாதங்கள் வாசலிலிருந்து உள்ளே போக வேண்டும் என்பதற்காக வாசலில் தொடங்காதீர்கள். பூஜையறையில் தொடங்கி, பின்வாங்கியபடியே வாசலுக்கு வாருங்கள். அப்போதுதான் ஈரப் பாதங்களைக் குழந்தை மிதித்துக் கலைக்காது.

உலர்ந்தால் வெளுப்பது ஏன்?

மாவால் பதித்தவுடன் பாதங்கள் மங்கலாகத்தான் தெரியும். "சரியாக விழவில்லையே" என்று குழந்தை முகம் சுருங்கும். சற்றுப் பொறுங்கள். ஈரம் காயக் காய, எங்கிருந்தோ வெண்மை வந்து பாதங்கள் பளிச்சிடும். மாக்கோலம் போடுகிறவர்கள் அனைவரும் அறிந்த செய்தி இது. காரணம் என்ன?

அரிசி மாவின் மணிகளுக்கு வெள்ளை நிறம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மாச்சத்தின் ஒவ்வொரு மணியும் கண்ணாடித் துணுக்கைப் போல ஒளியை உள்ளே விடக்கூடியது. அரிசியின் மாச்சத்து மணி மிகவும் சிறியது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்குதான். ஒளி ஒரு பொருளிலிருந்து வேறொரு பொருளுக்குள் புகும்போது எல்லையில் வளைகிறது. ஒரு பகுதி திரும்பியும் வருகிறது. இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வளவுக்கு அதிக ஒளி திரும்பும். காற்றின் எண் 1. நீரின் எண் 1.33, மாச்சத்தின் எண் சுமார் 1.5.

மாவு ஈரமாக இருக்கும்போது மணிகளைச் சுற்றி நீர் சூழ்ந்திருக்கிறது. 1.33-க்கும் 1.5-க்கும் வேறுபாடு குறைவு. ஆகவே பெரும்பாலான ஒளி ஊடுருவிச் சென்று தரையைத் தொடுகிறது. நமக்குத் தரையின் நிறமே தெரிகிறது. நீர் ஆவியானதும் அந்த இடத்தில் காற்று புகுகிறது. இப்போது 1-க்கும் 1.5-க்கும் உள்ள வேறுபாடு அதிகம். ஆயிரக்கணக்கான எல்லைகளில் பட்டு ஒளி நாலாபுறமும் சிதறி நம் கண்ணுக்கே திரும்புகிறது. எல்லா நிறங்களும் சமமாகச் சிதறுவதால் அது வெண்மையாகத் தெரிகிறது.

இதைச் சோதிக்க, உலர்ந்த ஒரு பாதத்தின்மேல் ஒரு துளி தண்ணீரும், இன்னொன்றின்மேல் ஒரு துளி தேங்காயெண்ணெயும் விடுங்கள். எண்ணெயின் எண் 1.45, மாச்சத்துக்கு இன்னும் நெருக்கமானது. எந்த இடம் அதிகமாக மறைகிறது என்று குழந்தையே பார்த்துச் சொல்லட்டும். எந்த இடம் மறுபடியும் வெளுக்கிறது, எது வெளுக்கவில்லை என்பதையும் மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள். மெழுகுத் தாளும் எண்ணெய் பட்ட காகிதமும் ஒளியைக் கசியவிடுவது ஏன் என்பதும் இத்துடன் விளங்கிவிடும்.

மஞ்சள் அட்டையில் சிவந்த சேவல்

அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள் வரும்போது, சிறுவர்கள் தம் கையைத் தாளில் வைத்து வரைந்து அதை வான்கோழியாக மாற்றுவது வழக்கம். கட்டைவிரல் தலையாகும், மற்ற நான்கு விரல்களும் விரிந்த தோகையாகும். நாம் அதைச் சேவலாக்குவோம். பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டையும் தயாராகிவிடும்.

1. இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளை நீர்த்த சோற்றுக் கஞ்சியில் குழைத்து, தடித்த வெள்ளைத் தாள் முழுவதும் பூசுங்கள். கஞ்சியிலுள்ள வெந்த மாச்சத்து பசைபோல இருந்து மஞ்சளைத் தாளில் பிடித்து வைக்கும்.

2. தாள் நன்றாக உலரட்டும். உதிரும் தூளைத் துணியால் மெல்லத் தட்டிவிடுங்கள்.

3. குழந்தையின் கையை நனைத்து, சாதாரணக் குளியல் சோப்பை உள்ளங்கையிலும் விரல்களிலும் தேயுங்கள். விரல்களை விரித்துத் தாளின்மேல் அழுத்தி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து, நேரே மேலே தூக்குங்கள். கையை உடனே கழுவிவிடுங்கள்.

4. நிறமே இல்லாத சோப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் செம்பழுப்பு நிறக் கை ஒன்று எழும்பி நிற்கும். கட்டைவிரலின்மேல் சோப்புத் தண்ணீரைச் சுண்டுவிரல் நுனியால் மூன்று பொட்டாக வைத்தால் கொண்டை. கீழே ஒரு பொட்டு வைத்தால் தாடி.

5. பஞ்சு சுற்றிய குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்துக் கட்டைவிரலின் நடுவே வையுங்கள். அந்த இடம் மட்டும் மறுபடி மஞ்சளாகி, சேவலுக்குக் கண் கிடைத்துவிடும். கால்களைப் பென்சிலால் வரைந்துகொள்ளலாம்.

மஞ்சள் கறை படிந்த வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதைக் கண்டிருப்பீர்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி நீர் செக்கச் சிவப்பாவதும் இதனால்தான். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்ற பொருள். அது ஊதா, நீல ஒளிகளை விழுங்கிவிடுகிறது. எஞ்சிய ஒளி நமக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. காரப்பொருள் சேரும்போது குர்க்குமின் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி பிரிகிறது. மூலக்கூறின் எலெக்ட்ரான்களின் அமைப்பு மாறி, அது பச்சை ஒளியையும் விழுங்கத் தொடங்குகிறது. மிஞ்சுவது சிவப்பு. எலுமிச்சையிலுள்ள அமிலம் ஹைட்ரஜன் அயனியைத் திருப்பிக் கொடுத்ததும் பழைய மஞ்சள் திரும்புகிறது.

சில சோப்புகளில் நிறம் மாறாமலும் போகலாம். குழந்தைகளுக்கென்று காரத்தன்மை குறைத்துத் தயாரிக்கப்படுபவை அவை. வீட்டிலுள்ள சோப்பு, ஷாம்பூ, ஆப்பச் சோடா, புளித்த மோர் ஆகியவற்றை ஒவ்வொரு துளி வைத்து, எது மஞ்சளைச் சிவக்க வைக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அது ஒரு விடுமுறை நாளின் மாலைப் பொழுதுக்குப் போதுமான வேலை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிறம் இன்னும் நன்றாக வரும் என்று சுண்ணாம்பைக் குழந்தையின் கையில் பூசிவிடாதீர்கள். அது தோலை அரிக்கும். கண்ணில் தெறித்தால் கருவிழியே பழுதாகிவிடும். தவறித் தெறித்துவிட்டால் கண்ணைக் கசக்க விடாமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எந்த வண்ணம் ஆகாது?

சிறு குழந்தையின் கை எங்கே போகும் என்று நாம் அறிவோம். அது நேரே வாய்க்குத்தான் போகும். ஆகவே கையில் பூசும் வண்ணம் எதுவானாலும், அதில் கொஞ்சம் வயிற்றுக்குள் போகும் என்று எண்ணியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் விலக்க வேண்டியவை கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசும் பெயிண்டுகள். பளிச்சிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைப் பெற நெடுங்காலமாக ஈயத்தின் சேர்மங்களைச் சேர்த்து வந்தார்கள். 2016-இல் இந்திய அரசு விதி ஒன்றைப் பிறப்பித்து, வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுத்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பு வாங்கிப் பரணில் போட்டு வைத்த டப்பாக்களும், பழைய சுவரிலிருந்து உரியும் பெயிண்டுச் செதில்களும் விதிக்குக் கட்டுப்பட்டவை அல்லவே!

ஈயம் ஏன் இவ்வளவு அஞ்சத்தக்கது? உடலுக்குள் போனால் அது கால்சியத்தைப் போல நடித்து எலும்பில் குடியேறிவிடும். வளரும் மூளையையும் பாதிக்கும். ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு வரை குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தீங்கு செய்யாத ஈய அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. காய்ச்சல் போலவோ வாந்தி போலவோ உடனே அடையாளம் காட்டாது. படிப்பில் கவனம் குறைவதாகத்தான் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும்.

மஞ்சளிலும் கவனம் வேண்டும். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்ற ஈயக் குரோமேட்டு என்ற மஞ்சள் நிறப் பொருளைப் பூசியது 2019-இல் வெளியான ஆய்வுகளில் அம்பலமாயிற்று. அளவுக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கையும், விலாசமில்லாத பொட்டலத் தூளையும் தவிர்ப்பது நல்லது, சமையலுக்கும்கூடத்தான். சிந்தூரப் பொடிகள் சிலவற்றிலும் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால் அவற்றையும் கைப்பதிவுக்குப் பயன்படுத்த வேண்டாம். ரங்கோலிப் பொடி, ஹோலிப் பொடி ஆகியவற்றில் என்ன இருக்கிறது என்று உறையில் எழுதியிராவிட்டால் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். அரிசிமாவு, முருங்கைக் கீரைச் சாறு, பீட்ரூட் சாறு ஆகியவை போதும். இவை வயிற்றுக்குள் போனாலும் கேடில்லை.

தோலில் எழுதிய கையெழுத்து

மாவுப் பதிவில் கையின் உருவம் தெரியும். கையிலுள்ள நுண்ணிய கோடுகள் தெரியா. மாவு பள்ளங்களையும் நிரப்பிவிடுவதே காரணம். கோடுகளைப் பார்க்க வேறு வழி உண்டு. ஒரு தாளில் பென்சிலால் அழுத்தித் தேய்த்துக் கருமையாக்குங்கள். விரல்நுனியை அதில் ஒற்றி, அதன்மேல் ஒட்டும் செலோடேப்பை மெல்ல அழுத்தி உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

விரலில் சங்கா, சக்கரமா என்று நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு. வளைந்து வந்த வழியே திரும்பும் கோடுகள், வட்டமாகச் சுழலும் கோடுகள், வில்லைப் போல் மேலெழுந்து இறங்கும் கோடுகள் என மூன்று பெரும் வகைகள் இருக்கின்றன. முதல் வகையே மிகுதி. வில் வகை அரிது. இவை அதிர்ஷ்டத்தைச் சொல்லா. ஆனால் ஆளைச் சொல்லும்.

கருவில் மூன்றாம் மாதம் தொடங்கி ஐந்தாம் மாதத்திற்குள் இக்கோடுகள் அமைந்துவிடுகின்றன. விரல்நுனியின் நடு, நகத்தின் அடி, மூட்டு மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்து கோடுகள் அலைகளைப் போலப் பரவி, ஒன்றையொன்று சந்திக்கும் விதத்தில் உருவம் அமைகிறது என்பதை 2023-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். அலை எப்போது எங்கே புறப்பட்டது என்பதில் நேரும் மிகச் சிறு வேறுபாடும் கோடுகளை மாற்றிவிடும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் விரல்கோடுகள் வேறுபடுவது இதனால்தான்.

இக்கோடுகளை ஆள் அடையாளமாகப் பயன்படுத்தும் பழக்கத்துக்கு நம் நாட்டில் நடந்த ஒரு கைப்பதிவு முக்கியத் தொடக்கம். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடும் பொருள்களுக்கான ஓர் ஒப்பந்தத்தின் பின்புறம், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை முழுதாக மையில் தோய்த்துப் பதியச் செய்தார். கையெழுத்து தனதல்ல என்று பின்னால் அவர் மறுத்துவிடக் கூடாதே என்பதுதான் நோக்கம். பிறகு ஹெர்ஷலுக்கு இதில் ஆர்வம் மிகுந்தது. 1877-இல் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றின் விரல்பதிவை எடுத்தார். அதே பிள்ளைக்கு 15 வயதானபோது 1890-இல் மறுபடியும் எடுத்தார். பிரான்சிஸ் கால்டன் 1892-இல் வெளியிட்ட விரல்ரேகை நூலில் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். விரல் பெரிதாகியிருந்தது, கோடுகளின் அமைப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காரியாலயம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அங்கு பணியாற்றிய அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவருக்கும் பெரும்பங்கு உண்டு.

விரல் வளர்ந்தும் கோடுகளின் எண்ணிக்கை கூடாது என்றால், கோடுகளுக்கு இடையேயுள்ள தூரம் கூடத்தானே வேண்டும்? நீங்களே அளக்கலாம். உங்கள் விரல்பதிவின்மேல் 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கிழித்து, அது எத்தனை மேடுகளைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்குச் சுமார் 10 வரும். பக்கத்திலிருக்கும் குழந்தையின் பதிவில் அதே அளவில் எண்ணிப் பாருங்கள், கூடுதலாக இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு கை

இப்போது மூன்றாவது வேலை. குழந்தையின் கையை ஆண்டுதோறும் ஒரே பண்டிகை நாளில் பதிந்து வைப்பது. இதற்கு எந்த வண்ணம் ஏற்றது?

மஞ்சள் வேண்டாம். குர்க்குமின் வெயில்பட்டால் சிதைந்துவிடும். பீட்ரூட் சில வாரங்களில் பழுப்பாகிவிடும். கீரைச் சாறும் நிறமிழக்கும். கோலத்துக்குக் கரை கட்டும் செங்காவியே ஏற்றது. அதன் நிறம் இரும்பு ஆக்சைடின் நிறம். துருவேறி முடிந்த இரும்பு அது. வெயிலும் காற்றும் அதை மேலும் மாற்றுவது கடினம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் கையை வைத்து, சுற்றிலும் செங்காவியைத் தெளித்து எடுத்த கைச்சுவடு ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுகள் பழைமையானது என்று 2014-இல் அறிவிக்கப்பட்டது. பிரான்சிலுள்ள கார்கஸ் குகையில் சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முந்திய கைச்சுவடுகள் ஏராளமாக உள்ளன; அவற்றுள் குழந்தைகளின் கைகளும் இருக்கின்றன.

காவியை மெல்லிய துணியில் சலித்துக் கஞ்சியில் குழையுங்கள். தடித்த தாளில் கையைப் பதித்து, உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தாளின் ஓரத்தில் தேதி, வயது, இடக்கையா வலக்கையா என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளத்தைக் குழந்தையின் கையிலேயே அளந்து குறியுங்கள். பதிவில் அளந்தால் அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறக்கூடும்.

சதுரக் கட்டம் போட்ட கணக்குத் தாளில் கையை வைத்து ஓரத்தை வரைந்துகொண்டால் பரப்பையும் கணக்கிடலாம். ஒரு கட்டத்தின் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று என எண்ணுங்கள்; பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். கையின் நீளம் 10 சென்டிமீட்டரிலிருந்து 12 ஆனால் நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. உருவம் மாறாமல் வளர்ந்திருந்தால், பரப்போ 100 கட்டத்துக்கு 144 கட்டமாகிவிடும். சென்ற ஆண்டுச் சட்டை எப்படி இவ்வளவு விரைவில் சிறுத்துப் போயிற்று என்பதற்கு இந்தக் கணக்கே விடை சொல்லும்.

தாளை வெயில் படாத இடத்தில், புத்தகத்துக்குள் வைத்து விடுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் எடுத்து, புதிய பதிவை எடுப்பதற்கு முன் பழைய பதிவின்மேல் குழந்தையைக் கை வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் குழந்தை சொல்லட்டும்; பிறகு அளவுகோலை எடுத்துச் சரிபாருங்கள்.